கலைந்த சபையில் கொடுத்த வாக்கு

இந்த இருக்கைக்கு வந்து எனக்கு மூன்று வருஷம்கூட நிறையவில்லை. அதற்குள் பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டாயா என்று எங்கள் ஹெட் கிளார்க் கோதண்டம் சார் கேட்கிறார். அனுபவம் என்பது தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, ஈஸிசேரில் சாய்ந்த பிறகு எழுத வேண்டியது என்பது அவர் கட்சி. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்த வாரம் மாறுதலில் சென்னைக்குப் போகிறேன். புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவரில் ஒருவர் இந்த ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா ஆபீசில் என் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். ஃபைல்களை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன். ஃபைலில் சேராததை இங்கே ஒப்படைக்கிறேன்.

இது சட்டமன்ற இருக்கை, அதாவது சபையில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கிருந்து பதில் எழுதி அனுப்பும் மேஜை. பெயரைக் கேட்டதும் யாரும் விரும்பி வர மாட்டார்கள். நான் விரும்பி வந்தேன். அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்தவள் நான். கல்லூரியில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டார்கள். ஒன்றில் சட்டமன்றம், இன்னொன்றில் நிர்வாகம். முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்புக்குறி. அவர்கள் சட்டம் செய்வார்கள், இவர்கள் நடத்துவார்கள். பரீட்சைக்கு அது போதும். இந்த மேஜைக்கு வந்த பிறகுதான் அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு என்று தெரிந்தது.

கோட்டையில் ஒரு உறுப்பினர் எழுந்து, இன்ன ஊர்ப் பாலம் இடிந்து கிடப்பதை அரசு அறியுமா என்று கேட்பார். அந்தக் கேள்வி துறைக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து அவசரம் என்று சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு நம் மேஜையில் வந்து விழும். நாம் பாலத்தைப் போய்ப் பார்த்து எழுதுவது, வந்த வழியே மேலே ஏறிப் போகும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் இஸ்திரி போடுவார். கடைசியில் மந்திரி எழுந்து பதில் சொல்லும்போது அவர் வாயில் வரும் வாக்கியம் நம் வாக்கியத்தின் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். ஆட்சி செய்பவர்கள் தினமும் காலையில் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, போன் மணி அடிக்க அடிக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

கோதண்டம் சாருக்கு இந்த வேலையில் ஒரு செல்ல வாக்கியம் உண்டு. கேள்வி இரண்டு பகுதியாக வரும். பாலம் இடிந்தது உண்மையா? ஆமெனில் எப்போது சரிசெய்யப்படும்? முதல் பகுதிக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் இரண்டாவதற்கு 'வினா எழவில்லை' என்று எழுதி முடித்துவிடலாம். அவருக்கு அதில் ஒரு தனி ருசி. வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது. ஒருநாள் அவர் மனைவி டிபன் கேரியரோடு வந்து, "உங்க சாரு தீபாவளிக்கு புடவ எடுப்பாரான்னு கேட்டேன்மா, வினா எழவில்லைங்கிறாரு. நீயே சொல்லு, எழும்புதா இல்லயா?" என்று என்னிடம் முறையிட்டார்.

இந்த வருஷம், தொண்ணூற்றொன்று ஜனவரியில், சபையைக் கலைத்தார்கள். மந்திரிசபை போய், மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் வந்தது. நாட்டுக்கு அது எப்படிப்பட்ட நாளோ, எங்கள் ஆபீசில் அன்று டீயோடு போண்டாவும் வந்தது. சிவப்புச் சீட்டு இனி வராது. நிலுவையில் இருந்த சட்டமன்ற ஃபைல்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அலமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னார் கோதண்டம் சார். "சபை போச்சு, சபைல கேட்டதும் போச்சு" என்றார். நம் மாவட்டத்தில் எல்லா ஆபீசிலும் அன்று இதைத்தான் செய்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வேறு யாருக்கும் கட்டிவைக்க ஃபைல் இல்லை.

நான் அந்தக் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவி என் மேஜையில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அது கேள்வி இல்லை. வாக்கு.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட சபை கலைந்தால் கேள்வி காலாவதியாகிவிடும். ஆனால் பதில் சொல்லும்போது மந்திரி 'செய்து தரப்படும்' என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அதற்கு உறுதிமொழி என்று பெயர். அதைப் பிடித்து எழுதிக்கொள்வதற்கென்றே சபையில் ஒரு குழு இருக்கிறது. சொன்னதைச் செய்தாயா, செய்தாயா என்று அது துறைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் உருவி எடுத்தது ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றியது. தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று அங்கே ஒரு சாலையை உயர்த்தி அகலப்படுத்தும் வேலை நடந்தது. மேட்டு நிலத்து மழைத் தண்ணீரை ஊர் ஏரிக்குக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் அந்தச் சாலையின் குறுக்கே போகிறது. கால்வாய் அடைபடாது, சிறுபாலம் கட்டித் தரப்படும் என்று போன வருஷம் சபையில் சொல்லியிருந்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம். அதே மாதம் இருபத்தொன்றாம் தேதி எங்கள் ஊரில் நடந்ததற்குப் பிறகு, ஊர்ப் பேரைச் சொன்னாலே கேட்பவர் முகம் மாறுகிறது. அதை எழுத இது இடமல்ல. இது அதற்கு முன்னால். அந்தக் காலையில் அந்தக் கிராமத்திலிருந்து எஸ்தர் அக்கா வந்து நின்றார். ஏரிக்குக் கீழே சொந்த நிலத்தில் நெல் போடுபவர். வெயிலில் வந்த முகம், இடுப்பில் செருகிய முந்தானை.

"கால்வால மண்ணு கொட்றாங்க சார்" என்றார் கோதண்டம் சாரிடம். "பாலமும் இல்ல ஒண்ணும் இல்ல. லாரி லாரியா கொட்டிக்கினு கீறாங்க."

"தாசில்தார் காஞ்சிபுரத்துல எலெக்ஷன் மீட்டிங்ல இருக்காரு. சாயங்காலம் வாம்மா."

"சாயங்காலம் வந்தா கால்வா இருக்காது. மந்திரி சொன்னாரே சார், பாலம் கட்டித் தரோம்னு."

"எந்த மந்திரி?"

"அதான், அப்போ இருந்தாரே."

"அப்போ இருந்தாரு. இப்போ மந்திரியே இல்ல, சபையே இல்ல. வினா எழவில்லை."

எஸ்தர் அக்கா விடவில்லை. "நான் என் காதால கேட்டேன் சார். எங்க ஊர்லேந்து பஸ்சு புடிச்சு போயி, பாசு வாங்கி, மேல பால்கனில குந்திக்கினு கேட்டோம். அவரு சொன்னதும் நான் கைய தட்டப் போனேன். ஒரு யூனிபாரம்காரரு ஓடியாந்து, இங்க தட்டக் கூடாதும்மான்ட்டாரு. சரின்னு கைய மடில வச்சிக்கினேன். அன்னிக்கு தட்டிருந்தா வேல நடந்திருக்குமோ இன்னாவோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "ஏரிக்குத் தண்ணி வல்லன்னா இந்த வருஷம் நெல்லு இல்ல. நெல்லு இல்லன்னா நிலத்த வாங்க ஆளு காத்துக்கினு கீது பாப்பா" என்றார் என் பக்கம் திரும்பி. "டெய்லி ஒருத்தன் பைக்ல வந்து வூட்டு வாசல்ல நிக்கிறான், இன்னாக்கா, குடுக்கிறியான்னு. தண்ணி கீது, நான் குடுக்கலன்னு சொல்லிக்கினு கீறேன். அந்த ஒரு வார்த்ததான் என்கிட்ட கீது."

கோதண்டம் சார் என்னைப் பார்த்தார். "நீதான அந்த ஃபைல எடுத்து வச்சிருக்க. போய் பாத்துட்டு வா. பாக்க மட்டும்தான். பேசாத."

சாலை அங்கே ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. கால்வாய்ப் படுகையில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வந்த எஸ்தர் அக்காவும் இறங்கி அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். அவர்களுக்கு எதிரே, கரைமேல் செம்மண் லாரி ஒன்று பின்பக்கத்தைத் தூக்கத் தயாராக நின்றது. இடையில் நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பாஸ்கர். என் வயதுதான் இருக்கும். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் தாலுக்கா ஆபீஸ் என்றதும், "நல்லதாப் போச்சு, இவங்கள எழுப்பி வுடுங்க" என்றார்.

பேசாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேசினேன். "சார், இங்க ஒரு சிறுபாலம் வரணும். சபைல குடுத்த உறுதிமொழி."

"எந்தச் சபை? அதத்தான் கலைச்சிட்டாங்களே. என் பிளான்ல பாலம் இல்ல. பாலத்துக்குப் பணம் வேணும். பணத்துக்கு சபை ஓட்டுப் போடணும். சபை எங்க மேடம்?"

"போன மாசம் சம்பளம் வாங்கினீங்களா சார்?"

"ஏன், உங்களுக்குத் தரலையா?"

"தந்தாங்க. யாரு ஓட்டுப் போட்டு தந்தாங்க? நம்ம சபைதான் இல்லையே."

லாரி டிரைவர் பீடியை இறக்கினார். அவருக்கும் விஷயம் பிடித்துவிட்டது போல. "அதான, யாரு குடுத்தாங்க?" என்றார்.

"டெல்லில நாடாளுமன்றம் குடுத்திச்சு" என்றேன். "மாநிலத்துல சபை இல்லன்னா அந்த வேலைய அது பாக்கும். நம்ம மாநிலத்துச் செலவுக்கு அங்க கை தூக்கினாங்க. உங்க ரோடு, இந்த லாரி மண்ணு, நம்ம ரெண்டு பேர் சம்பளம், எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. ரோட்டுக்கு இருக்கிற அரசாங்கம் பாலத்துக்கு மட்டும் எப்படி சார் இல்லாமப் போகும்?"

"நல்லா பேசறீங்க" என்றார் பாஸ்கர். கிண்டலா பாராட்டா என்று தெரியவில்லை. "ஆனா நான் வேலைய நிறுத்தணும்னா என் மேலதிகாரி எழுத்துல சொல்லணும். லாரி சும்மா நின்னா காண்டிராக்டர் என்னத்தான் புடிப்பான். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் வந்து சொன்னாங்க, நிறுத்திட்டேன்னு எழுதவா?"

எழுத முடியாது. அவர் சொன்னது நியாயம். இங்கேதான் நான் ஒரு நிமிஷம் வாயை மூடினேன். இந்தக் கட்டுரையில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய இடம் இருந்தால் அது இந்த ஒரு நிமிஷம்தான். நான் சரி என்பது எனக்குத் தெரியும். ஆனால் சரியாக இருப்பதால் ஓர் அதிகாரியை நகர்த்திவிட முடியாது. அவர் கையில் இல்லாததைக் கேட்டால் அவரால் 'முடியாது' என்றுதான் சொல்ல முடியும். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு அதிலிருந்து இறங்கி வரமாட்டார். இவர் கையில் என்ன இருக்கிறது? நான் சாலையைப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து மண் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கோடியில், மேட்டுப் பக்கம், இன்னும் கொட்டாத நீளம் கிடக்கிறது.

"நிறுத்த வேணாம் சார். லாரிய அந்தக் கோடிலேந்து கொட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. எந்தப் பக்கத்துலேந்து கொட்டணும்னு யாரு சொல்றது, நீங்களா மேலதிகாரியா?"

"நான்தான்."

"வேலை நிக்கல. யாருக்கும் நஷ்டம் இல்ல. இங்க வந்து சேர்றதுக்குள்ள எழுத்துல வந்திடும்."

"வரலன்னா?"

"வரலன்னா நானே வந்து இவங்கள எழுப்பறேன்."

எஸ்தர் அக்கா படுகையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, யாரு கட்சி நீ?"

பாஸ்கர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். "லாரிய அந்தாண்ட திருப்பு."

"இன்னா சார், இப்பத்தான இந்தாண்ட கொண்டாந்தோம்."

"திருப்புன்றேன்."

லாரி உறுமிக்கொண்டு திரும்பியது. பெண்கள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். ஆபீசுக்கு வரும் பஸ்ஸில்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது. கொடுத்துவிட்டு வந்தது என் வாக்கு. ஒரு கிளார்க்கின் வாக்கைப் பிடித்து வைக்க எந்தக் குழுவும் கிடையாது.

ஆபீசில் போன் தாசில்தார் மேஜையில் இருக்கிறது. டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு. சாவி கோதண்டம் சார் பூணூலில் தொங்கும். நடந்ததைச் சொன்னேன்.

"பேசாதன்னு சொன்னேனா இல்லயா?"

"சொன்னீங்க சார்."

"சட்டமன்றச் செயலகத்துக்கு போன் போட்டுக் கேக்கணுங்கிற. அங்க யாரும்மா இருப்பா? சபையே இல்ல."

"சபைதான் இல்ல சார். செயலகம் இருக்கும். சபாநாயகரே இருக்காரு. சபை கலைஞ்சாலும் அவர் பதவி போகாது, அடுத்த சபை வந்து கூடற வரைக்கும். அரசியலமைப்புலயே இருக்கு."

"அப்படியா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். இத்தனை வருஷம் சட்டமன்ற ஃபைல் பார்த்தவர். பிறகு சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். நான் ஒண்ணும் பாக்கல" என்று எழுந்து போனார். அவர் கையில் இருந்தது அந்தச் சாவி. அதை அவர் தந்தார். அவரை நான் கிண்டல் செய்து எழுதுகிறேனே தவிர, இதை மறக்க மாட்டேன்.

செயலகத்தில் உறுதிமொழிகளைப் பார்க்கும் பிரிவில் ஒரு அம்மா எடுத்தார். நான் சபை கலைந்துவிட்டதே என்று இழுத்ததும், "சபை கலைஞ்சா நாங்க ஆபீச பூட்டிக்கிட்டுப் போயிடுவோமா?" என்றார். "கேள்வியெல்லாம் காலாவதி. உறுதிமொழி எங்க பட்டியல்லயே இருக்கும்மா. புது சபை வந்து, புதுக் குழு வந்து, அவங்க பாத்து வச்சிக்கிறதா விடறதான்னு முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் உங்க ஆளுங்களுக்கு யாரும் விடுதலை குடுக்கல." துறையில் யாரைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் தாசில்தார் களைத்துப்போய் வந்தார். தேர்தல் வேலை அவரை உரித்திருந்தது. நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். "தேர்தல் நேரத்துல புது வேலை ஆரம்பிச்சா என்னத் தொங்க விட்டுடுவாங்க."

"புது வேலை இல்ல சார். போன வருஷத்து வாக்கு. நடக்கிற வேலைல ஒரு பகுதி."

"குடுத்த மந்திரி இல்லையேம்மா. யாரோட வாக்குன்னு நான் மேல எழுதறது?"

அந்தக் கேள்விக்காகத்தான் பஸ்ஸிலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். சாலை வேலைக்கான போன வருஷத்து அரசாணை அவர் மேஜையிலேயே இருந்தது. அதன் கடைசி வரியைக் காட்டினேன். எல்லா அரசாணையிலும் இருக்கும் வரி. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமலே போன வரி. 'ஆளுநரின் ஆணைப்படி.'

"மந்திரி இருந்தப்பவும் ஆணை இவர் பேர்லதான் சார் வந்தது. இப்பவும் இவர் பேர்லதான் வருது. மந்திரி மாறலாம். கையெழுத்துப் போடறவங்க மாறலாம். சொன்னது அரசாங்கம். அது ஒரு நாள்கூட லீவு போடல."

தாசில்தார் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "போன் பூட்டத் திறந்தது யாரு?" என்றார்.

கோதண்டம் சார் தொண்டையைச் செருமினார். "வினா எழவில்லை சார்."

தாசில்தார் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உடனே நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளரிடம் போனில் பேசினார். சிறுபாலம் கட்டிய பிறகே அங்கே மண் கொட்ட வேண்டும் என்று அந்த வாரத்திலேயே பாஸ்கருக்கு எழுத்தில் வந்தது. லாரிகள் கால்வாயை நெருங்குவதற்குள் வந்தது. நான் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

பிறகு தேர்தல் நடந்தது. சிறுபாலமும் எழும்பியது. புது சபை வந்தது, புதுக் குழுவும் வந்தது. பழைய பட்டியலைத் தூசி தட்டிக் கேட்டு அனுப்பினார்கள். எங்கள் தாலுக்காவின் பதிலைக் கோதண்டம் சார் என்னிடம் தராமல் தானே எழுதினார். 'நிறைவேற்றப்பட்டது.' அந்த ஒரு சொல்லை எழுத அவர் பேனாவை இரண்டு தடவை உதறிக்கொண்டார். அவர் கையால் அப்படியொரு பதில் போனதில் எனக்கு இருக்கும் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, ஆட்சி மாறிவிட்டது, ஆள் மாறிவிட்டார், சபை மாறிவிட்டது, அதனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னால், அவரை மரியாதையாக உட்காரவைத்து அந்தக் கடைசி வரியைக் காட்டுங்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் எஸ்தர் அக்கா ஆள் சொல்லி அனுப்பினார். போனேன். பாஸ்கர் எனக்கு முன்னாலேயே குடையோடு வந்து நின்றிருந்தார். மேட்டிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் உருண்டு வந்து, சாலைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தேங்கிச் சுழன்று, சிறுபாலத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து ஏரியைப் பார்த்து ஓடியது. மேலே சாலையில் லாரி போனது. கீழே தண்ணீர் போனது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

எஸ்தர் அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "காலைல அந்த பைக்குக்காரன் வந்தான் பாப்பா. இன்னாக்கா, குடுக்கிறியான்னான். போயி ஏரிய பாத்துட்டு வாடான்னேன்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்போ தட்டலாமா? யாரும் வந்து திட்ட மாட்டாங்களே?"

"இங்க யூனிபாரம்காரர் யாரும் இல்லக்கா" என்றேன்.

போன வருஷம் மடியில் வைத்துக்கொண்ட கையை எடுத்துத் தட்டினார். ஈரக் கை, சத்தம் பெரிதாக வரவில்லை. பாஸ்கர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார்.

சபையில் நடப்பது ஒவ்வொன்றையும் அவைக் குறிப்பில் ஏற்றுவார்கள். அந்தக் கைதட்டல் எதிலும் ஏறவில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.